மூணு புலி, 15 ஆடு... யார் ஜெயிப்பாங்க? 'டி அண்ட் டி' ஆட்டத்தில் சண்டையின் கஷ்டத்தை அளப்பது எப்படி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆடு புலி ஆட்டத்தைப் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் கரித்துண்டால் முக்கோணம் வரைந்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடிய ஆட்டம் அது. ஒரு பக்கம் 3 புலி, இன்னொரு பக்கம் 15 ஆடு. எண்ணிக்கையும் சமமில்லை, பலமும் சமமில்லை. ஆனாலும் ஆட்டம் நியாயமாத்தான் இருக்கும்.

இதே கேள்வியோடுதான் 50 ஆண்டுகளாக உலகம் முழுக்க ஒரு கூட்டம் மண்டையைப் பிச்சிக்கிட்டு இருக்கு. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமா 'டி அண்ட் டி' ஆடுபவர்கள். எத்தனை அரக்கர்களை எதிரே நிறுத்தினால் சண்டை சுவாரஸ்யமாக இருக்கும்? எத்தனையில் எல்லாரும் செத்துப்போவார்கள்? மந்திர வாள் ஒன்றைக் கையில் கொடுத்தால் கணக்கு எப்படி மாறும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில், டி அண்ட் டி-ன்னா என்ன?

நெட்ஃப்ளிக்ஸில் 2016-ல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரிஸின் முதல் எபிசோடில், நாலு பசங்க ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டிக்கொண்டு இருப்பார்களே, அந்த ஆட்டம்தான்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி, 1974-ல் வெளியிட்டார்கள். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் வைத்தியர், இப்படி.

வீரன் என்ன செய்யப்போகிறான் என்று ஆடுபவர் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை 20 முகம் கொண்ட டைஸ் முடிவு செய்யும். அந்த எபிசோடில் வில் என்ற பையனுக்கு 13-க்கு மேல் விழ வேண்டும். விழுந்ததோ 7. 13 அல்லது அதற்கு மேல் விழ 20-ல் 8 வாய்ப்பு, அதாவது 40 சதவீதம்தான். அவன் எடுத்தது நல்ல ரிஸ்க்கா, கெட்ட ரிஸ்க்கா? அதைக் கணக்குப் போடத் தெரிவதில்தான் இந்த ஆட்டத்தின் பாதி சூட்சுமம் இருக்கு.

ஆடு புலி ஆட்டத்தில் சமநிலை எங்கிருந்து வருது?

டி அண்ட் டி கணக்குக்குப் போகும் முன் நம்ம ஊர் ஆட்டத்தைக் கொஞ்சம் கவனிப்போம். ஊருக்கு ஊர் விதி லேசாக மாறும். பொதுவான வடிவம் இது:

* கட்டத்தில் 23 சந்திப்புப் புள்ளிகள். 3 புலியும் உச்சிப் பக்கம் உட்கார்ந்திருக்கும்.
* ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் உள்ளே வரும். 15 ஆட்டையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது.
* பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாண்டிக் குதித்து வெட்டும்.
* ஆட்டால் புலியை வெட்ட முடியாது. எல்லாப் புலியும் நகர முடியாதபடி அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு ஜெயம்.

ஒரு புலி ஒரு முறைக்கு ஒரு ஆட்டைத்தான் வெட்டும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் வெட்டவே முடியாது. அதாவது ஆடுகளின் பலம் இரண்டு விஷயத்தில் இருக்கு: எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள். தனி ஆட்டுக்கு மதிப்பே கிடையாது. கூடி நின்றால் புலி காலி.

இதன் நெருங்கிய சொந்தம் நேபாளத்தின் 'பாக் சால்'. அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. யூ ஜின் லிம், யுர்க் நீவர்கெல்ட் ஆகிய கணினி ஆய்வாளர்கள் அதைக் கணினியில் அலசினார்கள். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிராவில் முடியும் என்பது அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. எண்ணிக்கை 4-க்கு 20 என்று கோணலாக இருந்தாலும், உள்ளே தராசு நேராகத்தான் நிக்குது.

ஆடு புலி ஆட்டத்தின் விதியை யாரோ பல தலைமுறையாக ஆடி ஆடிச் செதுக்கிவிட்டார்கள். டி அண்ட் டி-யில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சண்டையும் புதுசு. ஒவ்வொரு முறையும் டி.எம். தராசைத் தானே தூக்கிப் பிடிக்கணும்.

டி அண்ட் டி சண்டையை எப்படி அளக்குது?

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு மிருகத்துக்கும் அரக்கனுக்கும் 'சேலஞ்ச் ரேட்டிங்' என்று ஒரு எண் உண்டு. கூடவே எக்ஸ்.பி. எனப்படும் அனுபவப் புள்ளியும் உண்டு. புலிக்கு ரேட்டிங் 1, எக்ஸ்.பி. 200. ஆட்டுக்கு ரேட்டிங் 0, எக்ஸ்.பி. 10.

ரேட்டிங் 1 என்றால் என்ன அர்த்தம்? முதல் லெவலில் இருக்கும் 4 பேர், ஒருவர்கூடச் சாகாமல் அதை வீழ்த்த முடியணும். ஆனால் இந்த வரையறைக்குள் மூணு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. 4 பேர் இருக்கணும், நல்லா ஓய்வெடுத்திருக்கணும், தேவையான ஆயுதம் கையில் இருக்கணும். புது டி.எம்.கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மூணு பேர் மட்டும் வந்திருப்பார்கள், ஏற்கெனவே அடி வாங்கிக் களைத்திருப்பார்கள், ஆனால் எண்ணை மட்டும் பார்த்துச் சண்டையை வைத்துவிடுவார்கள்.

அடுத்த படி, கஷ்டத்தின் தரம். முதல் லெவல் ஆட்கள் 4 பேருக்கு 2014 விதிப்படி எல்லைகள் இவை:

* ஈஸி: 100 எக்ஸ்.பி.
* மீடியம்: 200
* ஹார்டு: 300
* டெட்லி: 400

எதிரிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், கூட்டிய எக்ஸ்.பி.யை ஒரு எண்ணால் பெருக்கணும். 2 எதிரி என்றால் ஒன்றரை மடங்கு. 3 முதல் 6 வரை 2 மடங்கு. 7 முதல் 10 வரை இரண்டரை. 11 முதல் 14 வரை 3. 15-ம் அதற்கு மேலும் 4 மடங்கு.

ஏன் பெருக்கணும்? ஆடு புலி ஆட்டத்தில் பார்த்த அதே காரணம்தான். தலை கூடக் கூட, ஒரு ரவுண்டில் கிடைக்கும் வாய்ப்பும் கூடுது.

இப்போ ஒரு புலியை நிறுத்தினால் 200, மீடியம். இரண்டு புலி என்றால் 400, ஒன்றரையால் பெருக்கினால் 600. டெட்லி எல்லையைத் தாண்டிப்போச்சு. ஒரு புலியைக் கூட்டியதுக்கே மீடியத்திலிருந்து டெட்லிக்கும் மேலே தாவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. 'மீடியம்' என்றால் யாருக்கும் ஒண்ணும் ஆகாது என்று நினைச்சிடக்கூடாது. புலியின் ஒரு கடி சராசரியாக 8 புள்ளிக்கு மேல் காயப்படுத்தும். முதல் லெவல் மந்திரவாதியின் மொத்த உயிர்ப் புள்ளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே கடியில் அவர் மயங்கி விழலாம். முதல் லெவல் ஆட்கள் அவ்வளவு மென்மையானவர்கள்.

புலியையும் ஆட்டையும் மோதவிட்டால்?

டி அண்ட் டி புத்தகத்தில் புலியும் இருக்கு, ஆடும் இருக்கு. அப்படியானால் நம்ம ஊர் ஆட்டத்தை அந்த எண்களிலேயே ஆடிப் பார்த்தால் என்ன?

2014 விதிப்படி புலிக்கு உயிர்ப் புள்ளி 37. அதை அடிக்க டைஸில் மொத்தம் 12 வரணும். ஆட்டுக்கு உயிர்ப் புள்ளி வெறும் 4. அதை அடிக்க 10 வந்தால் போதும்.

புலி தாக்கும்போது டைஸோடு 5 கூட்டிக்கொள்ளும். எனவே 5 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே ஆட்டின் மேல் அடி விழுந்துடும். 80 சதவீத வாய்ப்பு. புலியின் நகமானாலும் பல்லானாலும் குறைந்தபட்சக் காயமே 4. ஆக, அடி பட்டால் ஆடு காலி. ஒரு தாவலுக்கு ஒரு ஆடு. ஆச்சரியம் என்னன்னா, இது அப்படியே நம்ம ஊர் விதி!

ஆடு முட்டும்போது டைஸோடு 3 கூட்டும். புலியின் மேல் பட 60 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரிக் காயம் மூணரை. அப்போ ஒரு ஆடு ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக 2 புள்ளி காயப்படுத்தும்.

இதை வைத்துத் திறந்த மைதானத்தில் ஒரு புலி, 15 ஆடு. புலி பெரிய உருவம் என்பதால் அதைச் சுற்றி ஒரே நேரத்தில் 12 ஆடு நிற்க முடியும். 12 ஆடும் முட்டினால் ரவுண்டுக்கு 25 புள்ளி போகும். இரண்டே ரவுண்டில் புலி தரையில். அதற்குள் புலி கொன்றது ஒன்று அல்லது இரண்டு ஆடு.

எக்ஸ்.பி.யைப் பார்த்தால் புலி 200, 15 ஆடும் சேர்ந்து 150. வெறும் கூட்டல் கணக்கு புலிதான் பெரிசுன்னு சொல்லுது. சண்டை அப்படிச் சொல்லலை. 2014 விதியின் 4 மடங்கைப் போட்டால் ஆடுகளின் கணக்கு 600 ஆகுது. அந்தப் பெருக்கலுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இப்போ புரியும்.

அதே புலி, அதே ஆடு, இடம் மட்டும் வேற

இப்போ அந்தப் புலியைச் செண்பகத்தோப்பு மாதிரியான ஒரு மலைக்காட்டுக்குக் கொண்டுபோவோம். இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு இடுக்கு. புலி உள்ளே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆடுதான் புலியின் முன் வந்து முட்ட முடியும்.

இப்போ புலிக்கு ரவுண்டுக்கு 2 புள்ளிதான் போகுது. அது விழ 17, 18 ரவுண்டு ஆகும். அதற்குள் ரவுண்டுக்கு 80 சதவீதம் வீதம் புலி சுமார் 14 ஆட்டைக் கொன்றிருக்கும். மிச்சம் ஒன்று. ஏறக்குறைய சமமான சண்டை!

எண் எதுவும் மாறலை. உயிர்ப் புள்ளி மாறலை, எக்ஸ்.பி. மாறலை. இடம் மட்டும் மாறியது. இரண்டு ரவுண்டில் முடிந்த விஷயம் கடைசி ஆடு வரை இழுத்துடுச்சு. புத்தகத்தில் இருக்கும் எந்த அட்டவணையும் இந்த இடுக்கை முழுசா அளக்காது. டி.எம். தன் கண்ணால் பார்த்துத்தான் அளக்கணும்.

2024-ல் விதி மாறியது. எது சரி?

2024 நவம்பரில் டி.எம்.களுக்கான புதிய கையேடு வந்தது. அதில் அந்த 'மடங்கு' கணக்கையே தூக்கிட்டாங்க. லோ, மாடரேட், ஹை என்று மூன்றே தரம். முதல் லெவல் ஆட்கள் 4 பேருக்கு முறையே 200, 300, 400 எக்ஸ்.பி. எதிரிகளின் எக்ஸ்.பி.யைக் கூட்டி அதற்குள் வந்தால் போதும். காரணம் எளிது. பெருக்கல் கணக்கு பலருக்குக் குழப்பமாக இருந்தது, சில நேரம் சண்டையை இருப்பதைவிடப் பயங்கரமாகக் காட்டியது.

ஆனால் நம்ம 15 ஆட்டை இதில் போட்டுப் பாருங்க. மொத்தம் 150. 'லோ' என்ற எல்லையையே தொடவில்லை. பழைய விதியில் டெட்லிக்கும் மேல், புதிய விதியில் விளையாட்டுக் கணக்கு.

எது உண்மைக்குப் பக்கம்? கணக்கே சொல்லட்டும். ஆட்களின் கவச எண் 15 என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆட்டின் முட்டு படும் வாய்ப்பு 45 சதவீதம். 15 ஆடும் சேர்ந்து ரவுண்டுக்குச் சுமார் 23 புள்ளி எடுக்கும். முதல் லெவல் ஆட்கள் 4 பேரின் மொத்த உயிர்ப் புள்ளியே 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். திறந்த வெளியில் மாட்டினால் மூணாவது ரவுண்டு முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் தரையில் கிடக்கலாம். ஆட்டு மந்தையிடம்!

புதிய கையேடும் இதைக் கண்டுக்காமல் விடவில்லை. ஒரு ஆளுக்கு 2 எதிரிக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் ஜாக்கிரதை என்று எச்சரிக்குது. 4 பேர் இருந்தால் 8 எதிரி வரை புதிய கூட்டல் கணக்கை நம்பலாம், அதற்கு மேல் போனால் பழைய பெருக்கலையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு நாளைக்கு எத்தனை சண்டை?

இதைக் கவனிக்காமல் போட்ட எல்லாக் கணக்கும் வீண். 2014 கையேடு ஒரு 'நாளுக்கு' 6 முதல் 8 வரையிலான மீடியம் அல்லது ஹார்டு சண்டைகளை ஒரு குழு தாங்கும் என்று வைத்தே எழுதப்பட்டது. நாள் என்றால் இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு இடைப்பட்ட நேரம். 8 மணி நேரம் தூங்கி எழுந்தால் உயிர்ப் புள்ளியும் மந்திர சக்தியும் முழுசாகத் திரும்பிடும்.

நிஜத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் ஆடுகிற குழுவுக்கு 8 சண்டைக்கு நேரம் எங்கே? ஒரு நாளில் ஒரே சண்டைதான் என்று தெரிந்துவிட்டால் மந்திரவாதி கையில் இருப்பதையெல்லாம் முதல் ரவுண்டிலேயே கொட்டிவிடுவார். டெட்லி என்று போட்ட சண்டை பஞ்சாய்ப் பறக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். மூணு மீடியம் சண்டை முடிந்து, வைத்தியரிடம் ஒரு மந்திரமும் மிச்சமில்லாத நேரத்தில் நாலாவதாக ஒரு ஈஸி சண்டை வந்தால், அது ஆளைக் கொல்லும். எனவே தனிச் சண்டையின் கஷ்டத்தைவிட, அதற்கு முன்னால் என்ன செலவாகியிருக்கு என்பதைப் பார்க்கணும்.

சரி, மந்திரப் பொருள் கணக்கு என்ன?

டி அண்ட் டி-யில் மந்திரப் பொருள்களுக்கு அரிய தன்மையை வைத்து வரிசை உண்டு. காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி. அதற்கும் மேல் 'ஆர்ட்டிஃபாக்ட்' எனப்படும் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள புராணப் பொருள்கள்.

இன்னொரு பூட்டும் உண்டு. சக்திவாய்ந்த பல பொருள்களை அணிந்தால் மட்டும் போதாது. ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்து பிணைப்பு ஏற்படுத்தணும். இதை 'அட்யூன்மென்ட்' என்பார்கள். ஒருவருக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் 3 பொருளோடுதான் பிணைப்பு. பத்து விரலுக்கும் பத்து மந்திர மோதிரம் போட்டுக்கொண்டு திரிய முடியாது.

இப்போ ஒரு '+1' வாளை எடுத்துக்கொள்வோம். அன்காமன் ரகம். டைஸில் 1 கூடும், காயத்திலும் 1 கூடும். முதல் லெவல் வீரன் புலியை அடிக்க 70 சதவீத வாய்ப்பு இருந்தது 75 ஆகும். வெறும் 5 சதவீதம்தானேன்னு தோணும். ஆனால் காயமும் ஏழரையிலிருந்து எட்டரை ஆகுது. இரண்டையும் சேர்த்தால் ஒரு வீச்சின் சராசரிப் பலன் 5.25-லிருந்து 6.4 ஆகுது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதே ஆளிடம் வெரி ரேர் ரகமான '+3' வாளைக் கொடுத்தால் சுமார் 70 சதவீதம் கூடுதல். முதல் லெவலில் அதைக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டும் வேலை மட்டும்தான் பார்க்கணும்.

அரிய பொருள்தான் ஆபத்தான பொருளா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுறாங்க.

2014 விதியில் '+2' வாள், ரேர் ரகம். 'பறக்கும் காலணி', அதைவிட ஒரு படி கீழே, அன்காமன். ஒரு நாளில் 4 மணி நேரம் வரை பறக்கலாம். வில்லாளி அதைப் போட்டுக்கொண்டு 40 அடி உயரத்தில் நின்று அம்பு விட்டால், கீழே இருக்கும் புலியால் என்ன செய்ய முடியும்? அண்ணாந்து பார்த்து உறுமலாம். 200 எக்ஸ்.பி. புலியின் ஆபத்து அவரைப் பொறுத்தவரை பூஜ்யம்.

இன்னொரு உதாரணம், ஓநாய் மனிதன். ரேட்டிங் 3. 2014 விதிப்படி சாதாரண ஆயுதம் அவனை ஒன்றும் செய்யாது. வெள்ளியோ மந்திரமோ வேணும். '+1' வாள் இல்லாத வீரனுக்கு அவன் மலை. அந்த வாள் இருந்தால் சாதாரண எதிரி. இங்கே அந்த வாளின் மதிப்பு 5 சதவீதமும் இல்லை, 20 சதவீதமும் இல்லை. இருக்கா, இல்லையா என்பதுதான் மொத்த ஆட்டமே. 2024 பதிப்பில் அவனுடைய இந்த முழுப் பாதுகாப்பை எடுத்துட்டாங்க.

எனவே ஒரு பொருளைக் கொடுக்கும் முன் ரகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்த மூன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது:

1. இது ஒரு எண்ணைக் கூட்டுதா, இல்லை ஒரு தடையையே இல்லாமல் ஆக்குதா? வாள் எண்ணைக் கூட்டும். பறக்கும் காலணி பள்ளம், மதில், புலி எல்லாத்தையும் ஒரே அடியில் அழித்துவிடும்.
2. தீர்ந்துபோகுமா, நிரந்தரமா? காயம் ஆற்றும் மருந்துக் குப்பி ஒரு தடவை 7 புள்ளி கொடுக்கும், அத்தோடு முடிஞ்சது. நிரந்தரப் பொருள் ஆட்டம் முடியும் வரை கூடவே வரும்.
3. ஒருத்தருக்கு மட்டும் பயன்படுமா, எல்லாருக்குமா? '+3' வாள் ஒருவரை ஹீரோ ஆக்கும். 'பேக் ஆஃப் ஹோல்டிங்' என்ற மாயப்பை எல்லாருக்கும் உதவும். அதில் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ அடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அள்ளிப் போட்டுக்கொண்டு போனால்கூடச் சண்டையின் கணக்கு மாறாது.

புதுசாக நடத்துபவர்களுக்குப் பாதுகாப்பான வழி, முதலில் தீர்ந்துபோகும் பொருள்களைக் கொடுப்பதுதான். தப்பாகக் கொடுத்துவிட்டாலும் இரண்டு வாரத்தில் அது தானே சரியாகிவிடும். கொடுத்த பொருளைத் திரும்பப் பிடுங்கினால் வரும் மனஸ்தாபம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

ராஜபாளையம் நாய் கேட்டால் கொடுக்கலாமா?

நம்ம ஊரில் ஆடினால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்ட இனம். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன வெள்ளை நாய். "அண்ணே, என் ஆள்கூட ஒரு ராஜபாளையம் இருக்கட்டும்ணே" என்று யாராவது கேட்கத்தான் செய்வாங்க.

கொடுக்கலாம். புத்தகத்தில் அந்த இனம் இல்லை, 'மாஸ்டிஃப்' என்ற பெரிய நாயின் எண்களை எடுத்துக்கொள்ளலாம். உயிர்ப் புள்ளி 5, ரேட்டிங் எட்டில் ஒன்று. பார்க்க அற்பம். ஆனால் ஒவ்வொரு ரவுண்டிலும் அந்தக் குழுவுக்கு ஒரு வாய்ப்பு கூடுது, எதிரியின் ஒரு அடியை அது வாங்கிக்கொள்ளவும் செய்யும். எந்த மந்திரப் பொருள் பட்டியலிலும் இல்லாத பொருள் இது. அதனால் அதையும் கணக்கில் ஒரு தலையாகச் சேர்த்துக்கணும்.

இன்னொன்றும் முன்பே பேசிக்கொள்ளணும். நாய் செத்தால் பரவாயில்லையா? மனிதக் கதாபாத்திரம் செத்தால் சிரித்துக்கொண்டே புது ஆளை உருவாக்குபவர்கள், நாய் செத்தால் மேஜையை விட்டே எழுந்து போவதுண்டு.

நடத்துபவர் எதிரியா, நடுவரா?

ஆடு புலி ஆட்டத்தில் புலிக்காரர் நினைத்தால் நடுவில் நாலாவது புலியை இறக்க முடியாது. டி அண்ட் டி-யில் முடியும். புலியும் டி.எம்.தான், நடுவரும் அவர்தான். இந்த ஆட்டத்தின் பெரிய சிக்கல் இது. அவர் நினைத்தால் யாரையும் எப்போதும் கொல்லலாம். அதனால் அவர் ஜெயிப்பதில் ஒரு பெருமையும் கிடையாது.

ஒரு கதாபாத்திரத்தை ஆறு மாதம், வாராவாரம் உட்கார்ந்து வளர்த்திருப்பார்கள். கணக்குத் தப்பினால் அது ஒரே மாலையில் போயிடும். பெரிய நகரத்தில் வேறு குழு தேடிக்கொள்ளலாம். சின்ன ஊரில் இருப்பதே ஒரு குழுதான். அதில் இரண்டு பேர் மனம் வெறுத்து விலகினால் ஆட்டமே நின்றுபோகும்.

சாவே வரக்கூடாது என்று அர்த்தம் இல்லை. சாவே வராது என்று தெரிந்தால் டைஸுக்கு மதிப்பில்லை. ஆபத்து முன்கூட்டியே கண்ணில் படணும், திரும்பிப் போக வழி இருக்கணும். இரண்டும் இருந்து, தெரிந்தே உள்ளே போய்ச் செத்தால் யாரும் நடத்துபவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்குச் சில எளிய வழிகள்:

* தடயம் காட்டுங்க. மரத்தில் நகக்கீறல், மண்ணில் கால்தடம், திடீரென்று அமைதியாகும் காடு. இரண்டு புலி இருந்தால் இரண்டு அளவில் தடம் இருக்கட்டும்.
* எதிரிகளைப் பிரித்து இறக்குங்க. 15 பேரையும் ஒரே நேரத்தில் இறக்காமல், 6 பேர் முன்னால், மற்றவர்கள் மூணாவது ரவுண்டில். குழு திணறினால் இரண்டாவது கூட்டத்தை வரவிடாமலே இருக்கலாம்.
* எதிரிக்கு ஒரு நோக்கம் கொடுங்க. புலிக்கு வேண்டியது இரை, கடைசி மூச்சு வரை போராட்டம் கிடையாது. பாதி உயிர்ப் புள்ளி போனதும் அது ஓடிவிடலாம்.

கடைசி விஷயம் நம்ம பக்கத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை, நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 5-வது. இந்த மலையில் புலி என்றால் பாதுகாக்கப்பட வேண்டிய உயிர். கதையிலும், "ஊருக்குள் வந்த புலியைக் கொல்லாமல் காட்டுக்குள் திருப்பி விரட்டுங்க" என்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்க. தீப்பந்தம், பறை, வலை, இடுக்கு என்று ஆடுபவர்கள் மூளையைக் கசக்கத் தொடங்குவார்கள். அங்கே '+3' வாள் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆட ஆசையாக இருக்கு. என்ன வேணும்?

விலை உயர்ந்த புத்தகம் வாங்கித்தான் தொடங்கணும் என்றில்லை. 2014 பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை வைத்துப் புதிதாகவும் எழுதலாம். புலி, ஆடு, ஓநாய் மனிதன், பறக்கும் காலணி எல்லாம் அதிலேயே இருக்கு. 20 முக டைஸ் கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்தாலும் போதும்.

முதல் நாளுக்கு ஒரு யோசனை. கதை தொடங்கும் முன், அரை மணி நேரம் ஒரு ஒத்திகைச் சண்டை வையுங்க. ஒரு புலி, 15 ஆடு. முதலில் திறந்த வெளியில், பிறகு பாறை இடுக்கில். எண்களை மேலே கொடுத்திருக்கோம். இரண்டையும் உருட்டி முடிக்கும்போது, எக்ஸ்.பி. எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உங்கள் குழுவில் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஒத்திகை என்பதால், யார் செத்தாலும் யாருக்கும் வருத்தம் இருக்காது.